பார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்."

"அப்படியா? பார்மட் அடிச்சிடலாம்."

இந்த உரையாடலைக் கேட்காத கம்ப்யூட்டர் கடை நம் ஊரில் இருக்காது. பிரிண்டர் வேலை செய்யவில்லையா? பார்மட். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையா? அதற்கும் பார்மட். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் நாம் இரண்டாவது முறை போக மாட்டோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த வைத்தியத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக் கொள்கிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்கள் இந்தப் பழக்கத்திற்கு ஆளாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக் கொள்கிறேன். நானும் ஒரு காலத்தில் 'பார்மட் டாக்டர்'தான். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. முதலில் வந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தன. எங்கள் தெரு அண்ணன்கள் அதை வாங்கி வந்ததும் செய்த முதல் வேலை, யாரோ கொடுத்த சிடியைப் போட்டு இரண்டையும் அழித்து, 'அல்டிமேட்' ஏற்றியதுதான். பிளஸ் டூ படித்த 2014-15ல் எனக்கும் லேப்டாப் கிடைத்தது. ஆறு மாதத்தில் மூன்று முறை பார்மட் செய்தேன். தெருவில் யார் கூப்பிட்டாலும் பென் டிரைவுடன் போய் நிற்பேன். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று பெயர்!

அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், பென் டிரைவைச் செருகிய உடனேயே அதிலிருந்த வைரஸ் தானாக இயங்கத் தொடங்கிவிடும். 'ஆட்டோரன்' எனப்படும் இந்த வசதியை பென் டிரைவ்களுக்கு நிறுத்தும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2011 பிப்ரவரியில்தான் பரவலாக அனுப்பியது. அதுவரை ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்த பென் டிரைவ் ஒரு தெருவையே படுக்க வைக்கும். அன்று பார்மட் நியாயமான வைத்தியம்தான். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ல் முடிந்துவிட்டது. ஆனால் வைத்தியம் மட்டும் மாறவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

2022ல் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது. சென்னையில் அலுவலகத்தில் இருந்த எனக்கு அம்மா போன் செய்தார். மீட்டிங்குக்குப் போகும் அவசரத்தில், "கடையில குடுத்துடும்மா, பார்மட் பண்ணித் தருவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் நல்லவர்தான். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார். "அக்கா, டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும். சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லப்பா, சி-யில நான் எதுவுமே வைக்கல" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை. அவர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தார்.

அம்மா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்து வந்தார். பன்னிரண்டு பேரின் நான்கு வருடச் சேமிப்பும் கடனும் ஒரே எக்ஸெல் பைலில் இருந்தன. கம்ப்யூட்டர் திரும்பி வந்தபோது டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின் மட்டும் இருந்தது. எனக்குச் சொன்னால் வருத்தப்படுவேன் என்று மூன்று நாள் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டே இருந்தது. நான் வந்து, அழிந்த பைல்களை மீட்கும் சாப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். பெயரில்லாத துண்டுகள் சில கிடைத்தன. எதுவும் திறக்கவில்லை.

பிறகு எல்லாருடைய பாஸ் புத்தகங்களையும் தீர்மான நோட்டையும் வாங்கி வந்து, கணக்கை முதலிலிருந்து எழுதினார் அம்மா. ஒன்றரை மாதம் ஆனது. இரண்டு பேர் கணக்கில் 1,400 ரூபாய் இடித்தது. அதைத் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் கோளாறு என்ன தெரியுமா? கடைக்குக் கொடுப்பதற்கு முன் "ஒரு கோடு செவப்பா காட்டுச்சுடா" என்று அம்மா பிறகுதான் சொன்னார். சி டிரைவில் இடம் தீர்ந்து போயிருந்தது. டவுன்லோட்ஸ் போல்டரில் சேர்ந்திருந்த வீடியோக்களை நீக்கியிருந்தால் பத்து நிமிட வேலை.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிட்டர். அவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்டா, மோட்டார் ட்ரிப் ஆனா நாங்க மோட்டாரையா மாத்துறோம்? முதல்ல பியூஸைப் பார்ப்போம். அப்புறம் ஓவர்லோடு ரிலே. நேத்து யார் கை வச்சாங்கன்னு ரிஜிஸ்டரைப் புரட்டுவோம். நீங்க எடுத்த எடுப்புலயே எல்லாத்தையும் கழட்டிடறீங்களே?"

என் கருத்தும் இதுதான். செலவில்லாத, எதையும் அழிக்காத சோதனைகளை முதலில் செய்திட வேண்டும். அழிக்கும் வைத்தியம் கடைசியில்தான் வர வேண்டும்.

பியூஸைப் பார்க்கும் வரிசை

1. ரீஸ்டார்ட் செய்திடவும். "தினமும் ஷட் டவுன் செய்கிறேனே" என்பீர்கள். விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. இது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதி அப்போது இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப எடுக்கப்படும். நேற்றைய சிக்கலும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

2. இடத்தைப் பார்க்கவும். விண்டோஸ் கீயுடன் ஈ கீயை அழுத்தி 'திஸ் பிசி' செல்லவும். சி டிரைவின் பட்டை சிவப்பாக இருந்தால் இடம் தீரப் போகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் சென்று 'டெம்பரரி பைல்ஸ்' நீக்கலாம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதில் டிக் செய்ய வேண்டாம்.

3. தானாகத் தொடங்கும் புரோகிராம்களைக் குறைக்கவும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதியில், உங்களுக்குத் தேவையற்றவற்றை 'டிஸேபிள்' செய்திடவும். இது எதையும் அழிக்காது. வேண்டுமென்றால் மீண்டும் இயக்கிக் கொள்ளலாம்.

4. நேற்று என்ன மாறியது என்று யோசிக்கவும். புதிதாக எதையாவது இன்ஸ்டால் செய்த பின் சிக்கல் வந்திருந்தால் அதை நீக்கிப் பார்க்கவும். சரியாகவில்லை என்றால் 'சிஸ்டம் ரெஸ்டோர்' உண்டு. இது விண்டோஸை முந்தைய ஒரு தேதியின் நிலைக்குக் கொண்டு போகும். அந்தத் தேதிக்குப் பின் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும். உங்கள் போட்டோக்கள், கடிதங்கள் மீது கை வைக்காது. பல கம்ப்யூட்டர்களில் இது இயக்கப்படாமலே இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, சி டிரைவுக்கு இன்றே இயக்கி வைக்கவும். சிக்கல் வந்த பிறகு இயக்கிப் பயனில்லை.

5. தேதியைப் பார்க்கவும். பொன்னேரியில் என் சித்தப்பா வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் எந்த இணைய தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வந்தது. வைரஸ் என்றும் பார்மட் செய்ய வேண்டும் என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். நான் போய்ப் பார்த்தால், திரையின் மூலையில் தேதி பல வருடங்கள் பின்னால் இருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதியை வைத்தே சரிபார்க்கப்படுகிறது. மதர்போர்டில் இருந்த சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருந்தது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் தளங்கள் திறந்தன. அதைப் பார்மட் செய்திருந்தால், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். தேதி மறுபடியும் பின்னால் போயிருக்கும்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். எந்தத் தேதியில் என்ன கோளாறு, திரையில் என்ன செய்தி வந்தது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இது அப்பாவின் பிரேக்டவுன் ரிஜிஸ்டரிலிருந்து நான் கற்றது. அம்மா அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், கடைக்காரரே பார்த்துச் சொல்லியிருப்பார்.

பார்மட் செய்தே ஆக வேண்டுமா?

சில நேரம் வேறு வழி இருக்காது. விண்டோஸே திறக்காமல் போகலாம். வைரஸ் ஆழமாக இறங்கியிருக்கலாம். அப்போது இவற்றை மறக்க வேண்டாம்.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய போல்டர்கள், நீங்களாக மாற்றாதவரை, சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் பைல் மீது ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'லொகேஷன்' என்ற வரியைப் பாருங்கள்.

டி டிரைவில் ஒரு பிரதி வைப்பது பேக்கப் ஆகாது. பல கம்ப்யூட்டர்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். கூரை விழுந்தால் இரண்டும் போகும். தனி பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே கடைக்குக் கொடுங்கள்.

தவறி அழிந்துவிட்டால், அந்த நொடியே கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில், மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை மீட்க வாய்ப்பு உண்டு. இப்போதைய எஸ்.எஸ்.டி.க்களில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். இயக்கத்தில் இருந்தால், 48 இலக்க 'ரெக்கவரி கீ' ஒன்று உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டர் படுத்த பிறகு இந்த எண் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

விண்டோஸுடன் வாங்கிய லேப்டாப் என்றால் அதன் லைசென்ஸ் அந்த மெஷினுடனேயே இருக்கும். அதே பதிப்பை, உதாரணமாக 'ஹோம்' என்றால் 'ஹோம்' பதிப்பையே, ஏற்றச் சொல்லுங்கள். 'புரோ போட்டுத் தர்றேன், காசு வேணாம்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். திருட்டு விண்டோஸைத் திறக்கும் சாப்ட்வேர்கள் வழியாகவே வைரஸ் உள்ளே வருவதுண்டு.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. வீட்டுப் பயனாளர் பதிவு செய்து கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. இதைக் காரணம் காட்டி, பார்மட் செய்தால்தான் 11 ஏற்ற முடியும் என்று சொல்பவர்களும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11க்குத் தகுதியானது என்றால், பைல்களை அப்படியே வைத்துக் கொண்டு மேம்படுத்த முடியும். அதற்கும் முன்பாக பேக்கப் எடுத்துக் கொள்வது நல்லது.

கடைக்காரர் பக்கம்

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கோளாறு என்ன என்று ஒன்றரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்து, ஒரு கிளிக்கில் சரி செய்து கொடுத்தால், "ஒரு கிளிக்குக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் நாம்தான். பார்மட் என்றால் பேசாமல் பணத்தை எண்ணி வைக்கிறோம். அவர் எதைச் செய்வார்? எனவே அடுத்த முறை, "அண்ணே, பார்மட் வேணாம். என்ன கோளாறுன்னு பாருங்க. பார்க்கறதுக்கும் காசு தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊரில் நான் அப்படித்தான் சொல்கிறேன். அதே கடையில்தான்.

அம்மா இப்போது ஒவ்வொரு மாதமும் குழுக் கூட்டம் முடிந்த அன்றே கணக்குப் பைலை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, அதைக் குழுத் தலைவி வீட்டில் கொடுத்துவிடுகிறார். இந்த முறையை நான் சொல்லித் தரவில்லை. அவராகவே கண்டுபிடித்தது. பேக்கப் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துறையிலும் பாடம். இதைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இழக்கக் கூடாதது ஏதேனும் இருந்தால், இன்று இரவே அதற்கு ஒரு பிரதி எடுங்கள்.