எதுக்கும் ஒரு டெஸ்ட்

ஸ்கேன் சென்டரில் புருஷன்மார்களுக்கென்றே ஒரு பெஞ்ச் உண்டு. 'ஆண்கள் உள்ளே வரக்கூடாது' போர்டுக்கு நேர் கீழே. மனைவியின் ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. வலது சினைப்பையில் 4.6 செ.மீ. நீர்க்கட்டி, உள்ளே மெல்லிசாக ஒரு தடுப்பு. டாக்டரம்மா, "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆறு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்த்துடலாம். பீரியட்ஸ் முடிஞ்சதும் எதுக்கும் சிஏ 125னு ஒரு பிளட் டெஸ்ட்" என்றார். அப்புறமும் ஏதோ சொன்னார். என் காதில் 'எதுக்கும்' மட்டும்தான் விழுந்தது.

அன்றிலிருந்து தினம் ராத்திரி போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு முக்கால் டாக்டர் ஆகிவிட்டேன். சிஏ 125 அளவு 35க்குள் இருந்தால் நார்மல். கூடினாலும் கேன்சர் என்று அர்த்தமில்லை. பீரியட்ஸ் சமயத்தில் கூடும், கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு இருந்தாலும் கூடும். சின்ன வயசில் வருகிற நீர்க்கட்டிகள் முக்கால்வாசி இரண்டு மூன்று மாதத்தில் தானே வடிந்துவிடும். எல்லாம் படித்தேன். ஆனால் மனசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது 'கேன்சர்' என்ற ஒரே வார்த்தையைத்தான்.

இன்னொரு சமாசாரமும் அகப்பட்டது. 1955ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற டாக்டர், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பாய்லர் ஃபேக்டரிக்குப் போனார். இரும்பில் விரிசல் பார்க்கிற மெஷினைக் கட்டிகள் மேல் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சி வேறு! நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, சதைக்கட்டி வேறு மாதிரி. பிறகு, வயிற்றில் புற்று முற்றிவிட்டதென்று நினைத்திருந்த ஒரு பெண்ணை ஸ்கேன் செய்து, 'இது சினைப்பை நீர்க்கட்டிதான்' என்றார். கட்டியை எடுத்தார்கள். பிழைத்தாள்.

"ஏய், இதைக் கேளேன்" என்று உற்சாகமாகத் திரும்பினேன். அவளும் தூங்கவில்லை.

கடைசி வரை கேட்டாள். பிறகு, "திடீர்னு தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தா, கட்டி முறுக்கிக்கிட்டு இருக்கலாம், ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணாம ஆஸ்பத்திரிக்கு வரணும்னு டாக்டர் சொன்னாங்களே, ஞாபகம் இருக்காங்க?"

இல்லை. நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே அது ஒன்றுதான்.

"இப்ப வலிக்குதா?"

"இல்லீங்க. பயமாத்தான் இருக்கு. பத்து நாளா நீங்க கேப்பீங்கன்னு பார்த்தேன்."

கிளாஸ்கோ வரை போய்வந்தவன், பக்கத்துத் தலையணைக்குப் போகவில்லை.

நாளைக்கு பிளட் ரிசல்ட். சேர்ந்தே போகிறோம். வழக்கமாக லீவ் லெட்டரில் எனக்குத்தான் வயிற்றுவலி வரும். இந்தத் தடவை உள்ளதை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்:

"நாலு வருஷம் முன்னாடி நானும் அந்த பெஞ்சிலே உட்கார்ந்திருக்கேன்ப்பா. போய்ட்டு வா."