கலிபோர்னியா கடன் தெரியும், கந்தர்வகோட்டை பத்திரம் தெரியாது

புதுக்கோட்டையில இருந்து திருச்சி ரோடு, தஞ்சாவூர் ரோடு, அறந்தாங்கி ரோடு, எதுல வேணா போங்க. வழி நெடுக பிளாட் போர்டுதான். கலர் கொடி, பெயின்ட் அடிச்ச கல்லு, கொட்டை எழுத்துல 'வங்கிக் கடன் வசதி உண்டு'. மனை விக்கிறது, லோன் வாங்கிக் கொடுக்கறதுன்னு நம்ம ஊர்ல டிகிரி முடிச்ச பசங்க எத்தனையோ பேருக்கு இதுதான் சோறு போடுது. ஆனா இந்தத் தொழிலுக்குன்னு காலேஜ்ல ஒரு பாடம்? ம்ஹூம்.

நான் பொட்டி தட்டுறது ஒரு அமெரிக்க வீட்டுக் கடன் ப்ராஜெக்ட்டுல. சேர்ந்த புதுசுல மூணு வாரம் உக்கார வெச்சு எஸ்க்ரோன்னா என்ன, டைட்டில் இன்ஷூரன்ஸ்னா என்னன்னு வகுப்பு எடுத்தாங்க. அந்த ஊர்ல கதை எப்படின்னா, கலிபோர்னியாவுல வீடு வித்துக் கொடுக்க லைசென்ஸ் வேணும்னா கல்லூரித் தரத்துல மூணு பாடம், மொத்தம் 135 மணி நேரம் படிக்கணும். அப்புறம் பரீட்சை. வீட்டுக் கடன் பிடிச்சுக் கொடுக்க லைசென்ஸ் வாங்கறவருக்கு 2008-ல வந்த சட்டப்படி குறைஞ்சது 20 மணி நேரப் படிப்பு, அதுக்கும் பரீட்சை. கண்டபடி கடன் கொடுத்து ஊரே நடுத்தெருவுக்கு வந்தப்போ பிறந்த ஞானம் அது.

நம்ம நாட்டுல 2016-ல ரெரா சட்டம் வந்துச்சு. ஏஜென்ட்டுங்க பதிவு பண்ணணும்னு 9-ம் பிரிவு சொல்லுது. என்ன படிச்சிருக்கீங்கன்னு அந்தச் சட்டம் கேக்கல. மகாராஷ்டிரா 2023-ல முழிச்சுக்கிட்டு, ஏஜென்ட்டுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம்னு உத்தரவு போட்டுச்சு.

நம்ம பட்டதாரிகள் யாரையாவது நிறுத்தி மூணே மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

பட்டா கையில இருந்தா நிலம் நம்மளுதா? இல்லை. அது வருவாய்த்துறை ஆவணம். உரிமையைச் சொல்றது கிரையப் பத்திரமும் அதுக்கு முந்தின மூலப் பத்திரங்களும்தான்.

வில்லங்கச் சான்றுல ஒண்ணும் இல்லைன்னா வில்லங்கமே இல்லையா? அதுவும் இல்லை. பதிவான ஆவணம் மட்டும்தான் அதுல வரும். பதியாத உயில் வராது, வாய்மொழியா செஞ்ச பாகப்பிரிவினை வராது.

பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும் போதுமா? 2016 செப்டம்பர்ல அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டப்போதான் பல பேருக்கு விஷயமே உறைச்சுது. 2017-ல வரன்முறை விதிகள் வந்துச்சு. கட்டணம் கட்டி அலைஞ்சது வாங்கின ஜனங்க.

நம்ம ஜில்லாவுக்குன்னு தனிச் சிக்கல் வேற இருக்கு. 1948 வரைக்கும் இது சமஸ்தானம். சேஷய்ய சாஸ்திரி திவானா இருந்த காலத்துல 1888-ல இனாம் செட்டில்மென்ட் நடந்தது. கோயிலுக்கு விட்டது, ஊழியத்துக்கு விட்டது, படைக்கு விட்டதுன்னு பல ஊர் நிலத்துக்கு இனாம் கதை உண்டு. வரலாறு படிச்சா வேலை இல்லைங்கறீங்களே, மன்னர் கல்லூரியில வரலாறு படிக்கிற பையனுக்கு இந்தப் பழைய தஸ்தாவேஜைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தா அது வேலை இல்லையா?

கடன் விஷயம் இதைவிட மோசம். 20 லட்சம், 9% வட்டி, 20 வருஷம்னு வெச்சுக்கங்க. மாசத் தவணை சுமார் 18 ஆயிரம். முதல் தவணையில 15 ஆயிரம் வட்டிக்கே போயிடும். அசல்ல கழியறது 3 ஆயிரத்துக்கும் கீழ. கடைசில மொத்தமா கட்டியிருக்கறது 43 லட்சத்துக்கு மேல. எனக்கு இன்ஜினியரிங்ல லாப்லாஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் போட்டுப் போட்டுக் கை வலிச்சுது, இந்தத் தவணைக் கணக்கை ஒரு வாத்தியாரும் போர்டுல போடல. தவணை நின்னு கடன் வாராக்கடனாச்சுன்னா, 2002 சர்ஃபாசி சட்டப்படி பேங்க் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துட்டு, வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. வீட்டுக் கடன் வாங்கற எத்தனை பேருக்கு இது தெரியும்? வாங்கிக் கொடுக்கற பையனுக்காவது தெரியுமா?

"புரோக்கரை உருவாக்கவாய்யா காலேஜ்?"னு கேப்பாங்க. ஏற்கனவே உருவாகிட்டாங்க சாமி. படிக்காம உருவாகிட்டாங்க, அதான் பிரச்சினையே. "இதெல்லாம் அனுபவத்துல வர்றது"ன்னு இன்னொரு கோஷ்டி. அனுபவம் யாரோட காசுல வருதுன்னு யோசிங்க. வளைகுடாவுல பத்து வருஷம் வெயில்ல வெந்து அனுப்பின காசுலதான் அந்தப் பையன் தொழில் கத்துக்கிறான்.

நான் கேக்கறது புது யுனிவர்சிட்டி இல்லை. கல்லூரிகள்ல திறன் பயிற்சி கொடுக்க 2022-ல வந்த 'நான் முதல்வன்' திட்டம் இருக்கு. அதுல நிலமும் வீட்டுக் கடனும்னு ஒரே ஒரு பாடம் சேருங்க. பி.காம், பி.ஏ., சிவில் எல்லாருக்கும் பொதுவா. சொல்லிக் கொடுக்க ரிட்டையர்டு வி.ஏ.ஓ., சர்வேயர், பத்திர எழுத்தர், பேங்க் மேனேஜர்னு நம்ம ஊர்லயே ஆள் இருக்காங்க. பரீட்சை இதுதான்: ஒரு சர்வே நம்பரைக் கொடுங்க. மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா, புலப்படம் எல்லாத்தையும் பார்த்துட்டு, இதுக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதான்னு காரணத்தோட ரெண்டு பக்கம் எழுதட்டும்.

அதை ஒழுங்கா எழுதற பையன்கிட்ட நான் தைரியமா மனை வாங்குவேன். கமிஷனும் பேரம் பேசாம கொடுப்பேன்.