சுட்டவருக்குப் புள்ளி, சுமந்தவருக்கு?

நாலு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து சுடுகிற ஒன்லைன் கேம் எதுவானாலும், முடிந்த கையோடு திரையில் ஒரு அட்டவணை வரும். யார் எத்தனை எதிரிகளைக் கொன்றார், எத்தனை தரம் விழுந்தார், சுட்டதில் எத்தனை வீதம் பட்டது என்றெல்லாம் அதில் இருக்கும். அது வந்ததும் மைக்கில் தீர்ப்பும் வந்துவிடும். "மச்சான், எனக்கு 300 கில். அந்தக் கடைசி ஆளைப் பார், வெறும் 90. சும்மா சுத்திக்கொண்டு திரிஞ்சிருக்கு. அடுத்த மட்ச்சுக்கு வேண்டாம்." இந்தத் தீர்ப்பு கனநேரம் பிழையான ஆளில்தான் விழுகிறது என்பது எங்கள் கட்சி.

2024 பெப்ரவரியில் வந்த ஹெல்டைவர்ஸ் 2 கேமை எடுத்துப் பாருங்கோ. அதில் ரீகோய்லெஸ் ரைஃபிள் என்று தோளில் வைத்துச் சுடும் ஆயுதம் ஒன்று இருக்கிறது. பெரிய கவச எதிரிகளை விழுத்த அருமையான சாமான். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, நின்ற இடத்தில் நின்றுதான் அடுத்த குண்டைப் போடவேண்டும். கூட வருகிற இன்னொருவர் குண்டுப் பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று போட்டுக் கொடுத்தால், சுடுபவர் பல மடங்கு வேகமாகச் சுடலாம். அந்த நேரத்தில் குண்டு போடுபவர் தன் துவக்கால் ஒரு வெடிகூட வைக்க முடியாது. முதுகில் தனக்கென்று வேறு பையும் கொண்டுவர முடியாது. கடைசியில் விழுந்த எதிரிகள் எல்லாம் யாருடைய கணக்கில்? சுட்டவருடைய கணக்கில். அட்டவணையின்படி, பை சுமந்தவர் "சும்மா நின்ற ஆள்".

2020இல் முழுமையாக வெளியான டென்மார்க் கேம், டீப் ராக் கலக்டிக். அதிலும் இதே கதைதான். குகைச் சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு கனிமம் இருக்கும். ஸ்கவுட் கொக்கிக் கயிற்றால் அங்கே பறந்து போகலாம், ஆனால் நிற்க இடமில்லை. எஞ்சினியர் கீழிருந்து அதற்குக் கீழே ஒரு தட்டைச் சுட்டு ஒட்டிவிடுவார். ஸ்கவுட் போய் அதில் நின்று வெட்டி எடுப்பார். கனிமம் முழு அணிக்கும் சேரும். எடுத்த எண்ணிக்கை மட்டும் ஸ்கவுட்டின் பெயரில் விழும். பார்க்காமலே சரியான இடத்தில் தட்டைப் போட்டு வைத்த எஞ்சினியரை எந்த நிரலில் தேடுவது?

மறுபக்கமும் உண்டு. 2009இல் வந்த லெஃப்ட் 4 டெட் 2 கேமை இன்றைக்கும் விளையாடுகிறார்கள். அதில் ஹன்டரோ சார்ஜரோ ஒருவரைப் பிடித்து அமுக்கினால், அவர் என்னதான் கெட்டிக்காரராக இருந்தாலும் தானாக விடுபட முடியாது. இன்னொருவர் வந்தே ஆகவேண்டும். முழுக் கேமும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு அணியிலும் முன்னுக்கு ஓடுகிற ஒருவர் இருப்பார். ஓடுகிற வழியில் வருகிற சொம்பியெல்லாம் அவருக்குத்தான், எண்ணிக்கை ஏறும். பிறகு ஹன்டர் பிடிக்கும். மற்ற மூன்று பேரும் தங்கள் இடத்தை விட்டு ஓடிவர, அதில் இரண்டு பேர் அடிவாங்குவார்கள். அட்டவணை ஓடினவரை முதலாம் ஆளாகவும், காப்பாற்ற வந்து அடிவாங்கினவர்களைப் பலவீனமானவர்களாகவும் காட்டும்.

கிரிக்கெட் பார்க்கிற எங்களுக்கு இது புதிதல்ல. ஒரு முனையில் ஒருவர் ஓட்டமே கொடுக்காமல் ஓவர் ஓவராகக் கட்டிப் போடுவார். பொறுமையிழந்த துடுப்பாட்டக்காரர் மற்ற முனையில் தூக்கி அடித்து ஆட்டமிழப்பார். விக்கெட் யாருக்கு என்பதை ஸ்கோர் அட்டை சொல்லும். யாரால் என்பதை ஆட்டம் பார்த்தவர்தான் சொல்லவேண்டும்.

அதைவிட, நடக்காமல் போனவற்றுக்கு எண்ணே கிடையாது. லெஃப்ட் 4 டெட் 2இல் விச் என்ற ஒன்று மூலையில் இருந்து அழுதுகொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் கோபம் ஏறும். எக்ஸ்பேர்ட் மட்டத்தில் அதன் ஒரே அடியில் ஆள் முடிந்தார். "டோர்ச்சை நிப்பாட்டுங்கோ, இடப்பக்கத்தால போவம்" என்று ஒருவர் நேரத்துக்குச் சொன்னதால் நாலு பேரும் தப்பிப் போனால், அதற்கு எந்தப் புள்ளியும் இல்லை. தன் ஆள் குறுக்கே வந்தபோது விசையை அழுத்தாமல் விட்ட விரலுக்கும் இல்லை.

"அப்ப குறி பார்த்துச் சுடத் தெரியாத ஆளையும் தூக்கிச் சுமக்கவோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கடினமான மட்டங்களில் கை நிதானம் வேண்டும், துவக்கு பழகியிருக்க வேண்டும், அதை மறுக்கவில்லை. ஒரு நாலு பேர் கடைசி மட்டத்தை முடிக்க ஆசைப்பட்டு அனுபவமுள்ளவரைத் தேடுவதும் பிழையில்லை. ஆனால் அந்த அனுபவத்தையாவது சரியாக அளக்கவேண்டும். விழுந்தவரை எழுப்பிய எண்ணிக்கையைப் பார்த்தால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் முழுக்க நம்பக்கூடியதல்ல. சுற்றிவர எதிரி நிற்கும்போது பாய்ந்துபோய் எழுப்பப் பார்த்துத் தானும் விழுகிறவர் நல்ல மனிதர், ஆனால் அந்த நேரத்தில் நல்ல ஆட்டக்காரர் இல்லை. முதலில் இடத்தைத் துப்புரவாக்கி, பிறகு கை கொடுப்பவருக்குத்தான் விளையாட்டுப் புரிந்திருக்கிறது.

ஆகவே எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது மற்ற மூன்று பேரும் எப்படி விளையாடுகிறார்கள்? அவர் பக்கத்தில் நின்றால் முதுகைப் பற்றிய பயம் குறைகிறதா? தன்னிடம் உள்ள ஒரே முதலுதவிப் பெட்டியை, தனக்குச் சின்னக் கீறல் இருந்தும், இன்னொரு தரம் விழுந்தால் செத்துப்போகும் நிலையில் உள்ளவருக்குப் போடுகிறாரா? திட்டம் குழம்பினால் கத்துகிறாரா, அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறாரா? இவற்றை ஒரு மட்ச்சில் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மூன்று மட்ச்சாவது சேர்ந்து விளையாடவேண்டும்.

இது வெறும் கேம்தானே என்று விடமுடியாததற்குக் காரணம், இந்தத் தீர்ப்போடு கூடவே "கிக்" வாக்கெடுப்பும் வருவதுதான். வெளியே போடப்படுவது யார் என்று கவனித்தால் தெரியும். நேற்றுத்தான் கேமை இறக்கிய புதியவர். ஹோஸ்ட் வேறொரு நாட்டில் இருப்பதால் பிங் ஏறி, சுட்டது பிந்திப் படுகிறவர். மைக் போடாதவர். அந்த மைக் போடாதவர்களில், குரல் கேட்டதும் தொடங்கும் கேவலமான கதைகளுக்குப் பயந்து வாய் திறக்காத பெண்களும் இருக்கிறார்கள். அணியில் கதைக்கவில்லை என்று அவரைப் போடுகிறோம். அவரைக் கதைக்கவிடாமல் செய்த ஆளோ, 300 கில்லோடு அதே அணியில் இருக்கிறார்.

அடுத்த முறை திரையில் வாக்குக் கேட்டு வரும்போது, ஆம் என்று அழுத்த முதல் ஒரு கேள்வி. அந்த ஆளுக்கு என்ன செய்யவேண்டும் என்று இதுவரை யாராவது ஒருக்கால் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால், அந்த மட்ச்சில் அணியாக விளையாடாதது அவர் மட்டும் இல்லை.