ஒரே மேய்ச்சல்; சில ஆடுகளுக்கு மட்டும் புழு ஏன்?

கேள்வி: பதினைந்து செம்மறிகள் ஒன்றாகவே மேய்கின்றன. குடற்புழு மருந்தும் ஒன்றாகவே கொடுக்கப்படுகிறது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதே மூன்று, நான்கு ஆடுகளுக்குத்தான் தாடை வீங்குகிறது. சென்ற ஆண்டு இரண்டு இறந்தன. காரணம் என்ன?
– வாசகர், நாசரேத்

பதில்: தாடை வீக்கத்துக்கு முக்கியக் காரணம், நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் முறுக்குப் புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முட்டை பொரித்து, இளம்புழுக்கள் குளக்கரைப் புல்லில் ஏறி நிற்கும்.

ஒரே புல்லைத் தின்றும் சில ஆடுகள் தாங்குவதற்கு வம்சமும் ஒரு காரணம். ஆய்வுக்கூட எலிகளில் இது தெளிவாகத் தெரிந்த செய்தி. ஒரே தீனி, ஒரே வயது, ஒரே அளவு சாட்டைப்புழு முட்டை. சில வம்ச எலிகள் சில வாரங்களில் புழுவை வெளியேற்றிவிடும், 'ஏ.கே.ஆர்.' வம்ச எலிகளில் அது தங்கிவிடும். ஆடுகளிலும் அப்படியே. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியைச் சேர்ந்த கரோல் செம்மறி முறுக்குப் புழுவைத் தாங்குவதில் பெயர் பெற்றது. நம் மாவட்டத்து வேம்பூர் ஆடானாலும், ஒரே மந்தைக்குள் ஆட்டுக்கு ஆடு வேறுபாடு இருக்கும். மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளிடமே இருக்கும். மேய்ச்சல் நிலத்தில் முட்டையைப் பரப்புவதும் அவையே.

செய்ய வேண்டியவை:

1. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையைத் திறந்து பாருங்கள். சிவப்பு நல்லது, வெளிறியிருந்தால் இரத்தச்சோகை. தென்னாப்பிரிக்காவில் உருவான 'ஃபமாச்சா' அட்டை இதையே ஐந்து படிகளாகக் காட்டுகிறது.

2. வெளிறிய ஆடுகளுக்கு உடனே, எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுங்கள். குறைந்த அளவு கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். சினை ஆடுகளுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

3. எந்த ஆட்டுக்கு எத்தனை முறை மருந்து கொடுத்தீர்கள் என்று நோட்டில் குறியுங்கள். அடிக்கடி வீழும் பெட்டையைக் கழித்துவிடுங்கள். அதன் குட்டியை இனத்துக்கு வைக்காதீர்கள்.

4. பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள்.

கிடாய்த் தேர்வுதான் முக்கியம். மந்தையில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதி வம்சம் கிடாயிடமிருந்தே வருகிறது. ஆனால் நல்ல விலை கிடைக்கிறதென்று திடமான கிடாய்க்குட்டியை முதலில் விற்றுவிட்டு, விலைபோகாததை இனப்பெருக்கத்துக்கு நிறுத்துவதே பல வீடுகளில் வழக்கம். மழைக்காலம் முழுவதும் மருந்தின்றி இமை சிவந்திருந்த தாயின் கிடாய்க்குட்டி ஒன்றை விற்காமல் வையுங்கள். நெருங்கிய உறவில் சேராதிருக்க, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு மந்தைக்காரருடன் மாற்றிக்கொள்ளலாம்.