ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?



இப்பதிவு சிலருக்குக் கசக்கும். எனக்கே கசந்தது. என்றாலும் எழுதாமல் இருக்க இயலவில்லை.

கிழமையில் ஐந்து நாள் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும் நான், ஞாயிறு காலையில் எங்கள் திருச்சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் சிறுவர்க்குப் பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு பத்துக் கட்டளைகளைக் கற்பித்தபோது ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை வந்தது. (அதை நான்காவது என்பாரும் உளர், கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் மூன்றாவது என்பர். எண்ணுக்காகச் சண்டை வேண்டாம்.) நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“ஐயா, எங்கள் வீட்டு அக்காவுக்கு எந்த நாள் ஓய்வு?”

அவன் சொன்ன அக்கா, இந்தோனேசியாவிலிருந்து வந்து அவர்கள் வீட்டில் பணிபுரியும் பெண். “உன் அப்பாவிடம் கேள்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் தப்பிக்கவில்லை. அப்போது என் வீட்டிலும் ஓர் அக்கா இருந்தார். ஆராதனை முடிந்து பத்துப் பேரோடு நாங்கள் வீடு திரும்பும்போது மேசைமேல் சோறும் கோழிக்குழம்பும் ஆவி பறக்கக் காத்திருக்கும். கிழமையிலேயே அவருக்கு மிகுந்த வேலை எங்கள் ஓய்வுநாளில்தான்!

அன்று மாலை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை மீண்டும் படித்தேன். சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கிய பகுதி அது. யார் யார் வேலை செய்யலாகாது என்று அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது. வீட்டுத் தலைவன், மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன். மாட்டுக்குக்கூட அதில் இடம் உண்டு. உபாகமம் 5ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. தலைவனைப் போலவே வேலையாளும் இளைப்பாற வேண்டும் என்பதே அங்குச் சொல்லப்படும் நோக்கம். எகிப்தில் தாமும் அடிமைகளாக இருந்ததை இசுரவேலர் மறக்கலாகாது என்பது அதற்குரிய காரணம்.

நம் கதை வேறா? நம் பாட்டன் பாட்டிமார் கடல்கடந்து வந்து பிறர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் அல்லரா? விடியுமுன் பெரட்டுக் களத்தில் போய் நின்றவர்கள் அல்லரா? அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும்படி துரைமார்களை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. அந்தத் துரைமார்களும் கிறிஸ்தவ நாட்டிலிருந்து வந்தவர்களே. இன்று துரையின் நாற்காலியில் நாம் அமர்ந்திருக்கிறோம்.

இதைச் சபையில் பேசினேன். கிருபையின் காலத்தில் நியாயப்பிரமாணத்தைப் பிடித்துத் தொங்கலாமா என்றார் ஒருவர். தம் மகன் பொய் சொன்னால் அதே பத்துக் கட்டளைகளை எடுத்து நீட்டுகிறவர் அவர்! இயேசு ஓய்வுநாளில் கூனியான பெண்ணை நிமிரச் செய்தார். அவர் அந்த நாளைத் தளர்த்திவிட்டார் என்று மட்டும் நமக்கு நினைவிருக்கிறது. பாரம் சுமந்தவள் நிமிர்ந்தாள் என்பது நினைவில்லை. நமக்குக் கிடைத்த கிருபையால் சமையலறையில் நிற்பவரின் வேலை கூடுகிறது என்றால் அது என்ன கிருபை?

அந்தப் பெண் கிறிஸ்தவர் அல்லவே என்றார் இன்னொருவர். அந்நியன் என்ற சொல்லை அவர் படிக்கவில்லை போலும்.

வெளியே விட்டால் ஓடிவிடுவாள் என்பதுதான் பலர் சொன்னது. இந்த அச்சத்தில்தான் பணிப்பெண்ணின் கடப்பிதழை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கிறோம். பிறர் கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். ஆக, ஒரு கட்டளையை மீறுவதற்கு நாட்டின் சட்டத்தையும் சேர்த்து மீறுகிறோம். ஓடிப்போகத் தோன்றும் அளவுக்கு நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

சட்டமே கேட்காததை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்றும் ஒரு குரல் எழுந்தது. உண்மைதான். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வகுக்கப்பட்டபோது, ஓய்வுநாள் பற்றிய பகுதி வீட்டுப் பணியாளர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அண்டை நாடான சிங்கப்பூர் 2013இல் அவர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வை விதித்தது. ஆனால் பணம் கொடுத்து ஈடுகட்டவும் இடம் விட்டது. மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்ற விதி 2023இல்தான் வந்தது. கடவுளின் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதாகச் சொல்லும் நாம், அரசாங்கம் கட்டளையிடும்வரை காத்திருப்பது முறையா? பத்தில் எதைக் கைக்கொள்வது எதை விடுவது என்று நம் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியில் கற்பதில்லை. பகல் உணவு மேசையில் கற்கிறார்கள்.

என் வீட்டில் மாற்றம் எளிதாக வரவில்லை. முதல் சில ஞாயிறுகளில் அக்கா எங்கே போவதென்று தெரியாமல் அறையிலேயே அமர்ந்திருந்தார். பிறகு பேருந்தேறி நகரத்துக்குப் போய்த் தம் ஊர்ப் பெண்களைக் கண்டுபிடித்துக்கொண்டார். மாலையில் சிரித்த முகத்தோடு திரும்புவார். ஓடிப்போகவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது என் மனைவி அழுதார்.

அடுத்த மாத ஐக்கிய விருந்து எங்கள் வீட்டில். குழம்பு நான் வைப்பது. உப்புக் கூடினால் பொறுத்தருள்க. உங்கள் வீட்டு அக்காவை அழைத்து வருவதாயின் விருந்தாளியாக அழைத்து வாருங்கள். தட்டுக் கழுவ ஆள் இருக்கிறது. நான்தான்.