பயோடீசல்: கழுவாமல் ஊற்றாதீர், சோதிக்காமல் ஓட்டாதீர்

புங்கம், இலுப்பை எண்ணெயிலிருந்தும், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயிலிருந்தும் பயோடீசல் தயாரிக்கலாம் என்பது இன்று பல விவசாயிகளுக்குத் தெரிந்த செய்தி. தயாரித்ததைக் கழுவி, உலர்த்தி, சோதித்த பிறகே என்ஜினில் ஊற்ற வேண்டும் என்ற மறுபாதிச் செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து விவசாயி, அடைத்துப்போன நாசிலைப் பையில் போட்டுக்கொண்டு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி மெக்கானிக்கைத் தேடும் நிலை வரக்கூடாது. பயிர் கதிர் விடும் நேரத்தில் என்ஜின் நின்றால், மிச்சம் பிடித்த டீசல் காசைப்போலப் பல மடங்கு நட்டம் வயலில் ஏற்படும்.

மின் இணைப்புள்ள பம்புசெட் வைத்திருப்போருக்கு இந்த வேலை தேவையில்லை. இணைப்புக்குக் காத்திருந்து ஆயில் என்ஜின் ஓட்டுவோரும், பவர் டில்லர் வைத்திருப்போருமே இதைக் கவனிக்க வேண்டும்.

கழுவுவது எதற்கு?

எண்ணெயுடன் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் வினைபுரியும்போது பயோடீசல் மேலே நிற்கும். கனமான கிளிசரின் அடியில் தங்கும். ஓர் இரவு வைத்திருந்து அடிக்கசடை வடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். மேலே தெளிவாகத் தெரியும் திரவத்தில் சோப்பு, மிச்ச மெத்தனால், காஸ்டிக் சோடா, கிளிசரின் ஆகியவை கரைந்தும் கலந்தும் இருக்கும். சோப்பு பில்டரை அடைக்கும். கிளிசரின் நாசில் முனையில் கரியாகப் படியும். மெத்தனால் ரப்பர் வாஷர்களைக் கெடுப்பதோடு, எளிதில் தீப்பற்றவும் செய்யும். கழுவிய பின் தங்கும் நீர், பம்பின் உட்பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். "கழுவாமலே ஊற்றினேன், ஓடுகிறதே" என்பார் உண்டு. சில வாரம் ஓடும். கெடுதல் மெல்ல மெல்லத்தான் சேர்கிறது.

முதலில் எண்ணெயைச் சோதியுங்கள்

நல்ல பயோடீசல் நல்ல எண்ணெயில் தொடங்குகிறது. புங்கம் எண்ணெயிலும் பலமுறை காய்ந்த எண்ணெயிலும் அமிலம் அதிகம். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்போது எத்தனை மில்லி செலவானதோ, அத்தனை கிராம் காஸ்டிக் சோடாவை லிட்டருக்கு வழக்கமான மூன்றரை கிராமுடன் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். செலவு 3 மில்லிக்கு மேல் போனால் அந்த எண்ணெய் சோப்பாகவே திரளும். அதற்குக் கந்தக அமிலம் கொண்டு முன்வினை செய்ய வேண்டும். அது வீட்டு வேலையல்ல. அத்தகைய எண்ணெயை ஒதுக்கிவிடுவதே நலம்.

கழுவும் முறை

கிளிசரினை வடித்த பின், மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான நீரைப் பூவாளியால் தெளிப்பதுபோல் மேலிருந்து மெல்ல விட வேண்டும். முதல் கழுவலிலேயே வேகமாகக் கலக்கினால் எல்லாம் மோர் போலத் திரண்டுவிடும். நீர் அடியில் தங்கியதும் வடித்துவிட்டு, மீண்டும் புதுநீர் விட வேண்டும். இரண்டாவது முறையிலிருந்து சற்றே கலக்கலாம். வடியும் நீர் தெளிவாகி, லிட்மஸ் தாளில் காரம் காட்டாதவரை கழுவ வேண்டும். மூன்று நான்கு முறை ஆகும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீர் சோப்புடன் சேர்ந்து கசடாகும். மழைநீரைச் சேமித்து இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, சுடுநீர்த் தொட்டிக்குள் வைத்து 50 முதல் 60 டிகிரி சூட்டில் உலர்த்த வேண்டும். நேரடி அடுப்பு கூடாது.

நான்கு சோதனைகள்

ஒன்று, கழுவுவதற்கு முன்: 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். முழுதும் கரைந்தால் வினை முடிந்தது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் மறுபடி வினைபுரிய வைக்க வேண்டும். இச்சோதனை 20 டிகிரி அளவுக்கு உரியது. மதுரை வெயிலில் அரைகுறை எண்ணெயும் கரைந்து ஏமாற்றும். ஆகவே பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆறிய பிறகே பாருங்கள்.

இரண்டு: வடிகிற கடைசி நீரில் லிட்மஸ் தாள்.

மூன்று: சம அளவு பயோடீசலும் நீரும் ஒரு பாட்டிலில் குலுக்கி அரைமணி வைத்தால் இரண்டும் பளிச்சென்று பிரிய வேண்டும். இடையில் வெண்ணெய்போல் படலம் நின்றால் சோப்பு போகவில்லை.

நான்கு: சூடேறிய தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி, தள்ளி வைத்து, இரண்டு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் நீர் இருக்கிறது, மறுபடி உலர்த்துங்கள்.

ஜாடி வழியே நாளிதழ் எழுத்தைப் படிக்க முடிவது நல்ல அறிகுறி. ஆனால் தெளிவு மட்டும் தரமாகாது. இந்தியத் தரமான ஐ.எஸ். 15607 அமில மதிப்பு 0.50-க்கும், நீர் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கும், மெத்தனால் 0.20 சதவீதத்துக்கும் மிகக்கூடாது என்கிறது. இவற்றை ஆய்வகமே துல்லியமாகக் காட்டும். முதலில் டீசலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். பழைய டேங்க் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் பில்டரை அடிக்கடி பார்க்கவும்.

எச்சரிக்கை

மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். உரிய அனுமதியுள்ள கடையில் பில் போட்டு வாங்கி, பூட்டி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில், பீடி நெருப்பு அண்டாமல் வேலை செய்யுங்கள். கிளிசரின் கசடை மாட்டுக்கு வைக்காதீர்கள். கழுவிய நீரைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

தனியாள் வேலையல்ல

ஒடிசாவில் கிராம் விகாஸ் நிறுவனம் 2000-களில் கஞ்சம், கஜபதி மாவட்டப் பழங்குடிக் கிராமங்களில், காலால் மிதித்து இயக்கும் சிறு கலன்களில் பயோடீசல் தயாரித்துத் தண்ணீர் இறைக்க வழி செய்தது. அங்கே வேலை கிராமத்தின் பொதுவேலையாக நடந்தது. காட்டாமணக்கு விஷயத்தில் நாம் கண்டதோ வேறு. 2003 முதல் மரம் நடுவது பற்றிப் பேசிய அளவுக்கு, எண்ணெய் எடுத்த பின் தரம் பார்ப்பது பற்றி யாரும் விவசாயியிடம் பேசவில்லை.

சொசைட்டியில் பாலைச் சோதிக்காமல் யாரும் வாங்குவதில்லை. மண் பரிசோதனைக்கு நிலையங்கள் இருக்கின்றன. அதுபோல வேளாண் பொறியியல் துறை வட்டாரத்துக்கு ஓர் எரிபொருள் பரிசோதனை வசதி செய்து தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை பத்துப் பேர் குழுவாகச் சேருங்கள். ஒரே எண்ணெய், ஒரே முறை என்று தயாரித்து, ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நான்கு சோதனைக்கும் வசதியோ பொறுமையோ இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். அந்த எண்ணெயை விற்றுவிட்டு பங்க்கில் டீசல் வாங்குவதே அவர்களுக்கு லாபம்.