நெஞ்சுக்குள் ஒரு இன்ஸ்பெக்ஷன்

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போயிருந்தேன். ஏழடி உயரத்தில் நிற்கும் முருகன். அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய ஊர். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் கார், லாரி, பைக், டயர் என்று உருளக்கூடிய சகலமும் தயாராகிறது. துணைக்கு வந்த நண்பன் ஒரகடம் பக்கம் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வயது 36. வெல்டிங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் கருவியை வைத்துப் பார்ப்பது அவன் உத்தியோகம்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் நெஞ்சைத் தடவினான்.

"என்னடா?"

"கேஸ்டா மச்சி. நைட் ஷிஃப்ட், கேன்டீன் பரோட்டா."

(தமிழ்நாட்டில் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே எது வலித்தாலும் கேஸ்தான்.)

பன்னீர் சோடா குடித்தான். ஏப்பம் வந்தது. வலி போகவில்லை. இன்னொரு சோடா. வலி இடது தோளுக்கு ஏறியது. மார்கழிக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவனோ, "ரெண்டு மாசம் முன்னாடிதான் கம்பெனி செக்கப். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். ஃபிட்னு சீல் அடிச்சுக் குடுத்திருக்கான்" என்றான்.

ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி. சுத்தம். ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அதுவும் எல்லைக்குள். நண்பன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். "வலி ஆரம்பிச்சு எவ்வளவு நேரம்?" என்றார்.

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அப்ப இந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்ப முடியாது. மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும். அதுவரைக்கும் படுங்க."

"பில்லை ஏத்தறாங்க மச்சி" என்று காதில் சொன்னான். நான் பி.காம். எனக்கும் அதேதான் தோன்றியது. 'வீட்டுக்குப் போய்டலாம்டா' என்று வாய் வரைக்கும் வந்தது. இப்போது நினைத்தால் கை நடுங்குகிறது.

விஷயம் இதுதான். ட்ரோபோனின், இதயத் தசைக்குள் அடைந்து கிடக்கும் ஒரு புரதம். தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். ஆனால் உடனே தெரியாது. கணிசமாக ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். அதனால் முதல் எண்ணை ஓப்பனிங் பேலன்ஸ் என்று வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணோடு ஒப்பிட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு, இதயத் தசை அழற்சி இவற்றிலும் ட்ரோபோனின் உயரும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. எண் எகிறியிருந்தது.

எக்கோ மெஷினை உருட்டி வந்தார்கள். நெஞ்சில் ஜெல்லைத் தடவியதும் நம்மாள், அந்த நிலைமையிலும், "மேடம், இது கப்ளன்ட்தானே? ப்ரோப் எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்றான். தப்பில்லை. இரண்டும் ஒரே ஜாதிக் கருவிதான். 1953-ல் ஸ்வீடனில் லுண்ட் நகரத்து டாக்டர் எட்லரும் இயற்பியல்காரர் ஹெர்ட்ஸும் மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் கீறலைக் கண்டுபிடிக்க வைத்திருந்த அல்ட்ராசோனிக் கருவியைக் கடன் வாங்கித்தான் துடிக்கிற இதயத்தைப் பார்த்தார்கள். வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கிற அதே சமாசாரம் மனுஷனுக்கு வந்து சேர்ந்த கதை அது.

"இந்தச் சுவர் மட்டும் சரியா அசையலை பாருங்க" என்றார் டாக்டரம்மா. நண்பன் ஸ்க்ரீனையே பார்த்தான். இருபது வருஷ சிநேகிதத்தில் அவன் பதில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மாத்திரைகள் கொடுத்து, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்தால், ஒரு ரத்தக்குழாயில் 90 சதவீதம் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

"அப்ப அந்த ஃபிட் சர்டிஃபிகேட்?" என்று அவன் மனைவி கேட்டார். அங்கிருந்த டாக்டர் சலிக்காமல் சொன்னார்: "எக்கோ பம்ப்பைப் பார்க்கும்மா, பைப்பைப் பார்க்காது. பைப்பு பாதி அடைச்சிருந்தாலும், சும்மா படுத்திருக்கிறப்போ பம்ப் ஒழுங்காத்தான் ஓடும். ஈ.சி.ஜி.யும் அப்படித்தான்." அதற்காக செக்கப்பே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அதிலேயே இவனுக்கு ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் அதிகம் என்று எழுதியிருந்தது. நம்மாள் சீலை மட்டும் பார்த்திருக்கிறான். சிகரெட் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று டிக் வேறு.

36 வயதில் வருமா என்று கேட்காதீர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாகவே வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றும் சாக்குச் சொல்ல முடியாது. 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புவதற்கு. சோடாக் கடையை விட அது ஒன்றும் ரொம்ப தூரமில்லை.

நண்பன் இப்போது பகல் ஷிஃப்ட். தன் எக்கோ படத்தை செல்லில் வைத்துக்கொண்டு, ட்ரெய்னிப் பையன்களுக்கு, "இதுதான்டா டிஃபெக்ட்" என்று கிளாஸ் எடுக்கிறானாம்.

அந்த இரண்டு பன்னீர் சோடாவுக்குக் காசு கொடுத்தோமா என்று எனக்கும் ஞாபகமில்லை, அவனுக்கும் இல்லை. அடுத்த கிருத்திகைக்குப் போய்க் கேட்க வேண்டும்.